பழைய காரில் மின்சாரமும் மழைநீரும்

பௌதிகம் பயிலும் நம்மவர்களிடம் ஓம் விதியைக் கேட்டால் உறக்கத்திலும் ஒப்புவிப்பார்கள். ஆனால், இரவில் பிரேக்கை மிதித்தால் எரிய வேண்டிய பின்விளக்கு, மிதித்த அக்கணமே அணைந்துவிடுகின்ற ஒரு பழைய அம்பாசிடர் வண்டியைக் கொண்டுவந்து விடுதி வாசலில் நிறுத்தி, "இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்லுவோம்? விதி அதே விதிதான். 1827-இல் ஓம் வெளியிட்டதற்கு மேல் ஒன்றும் அதில் வேண்டுவதில்லை. அதை எங்கே பொருத்துவது என்பதுதான் தெரியவேண்டும். பழைய மோட்டார் வண்டியைப் போல அதைக் கற்பிக்கும் ஆய்வுக்கூடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை அம்பாசிடரைச் செய்துவந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. வேலூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்குக் குடிவந்த என் தாய்மாமன் அத்தகைய வண்டி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார். கலியாண ஊர்வலங்களுக்கும், பழைய வண்டியே வேண்டும் என்று கேட்போருக்கும் அது வாடகைக்குப் போகிறது. பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கும் வரும். மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமனேருக்கும் போகும். அவ்வண்டியின் கோளாறுகளைக் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். கோளாறு பார்க்கும் சித்தூர் ஷெட்டுகளில் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஆயினும் 'கரெண்டு', 'எர்த்து', 'ஷார்ட்டு', 'லூஸ்' என்னும் நான்கு சொற்கள் இரு மொழிக்கும் பொது. அந்நான்கிலேயே மின்கோளாறு முழுவதும் அடங்கிவிடுகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் உண்டு. காரின் விளக்குக்குப் பெரும்பாலும் ஒன்றே. பாட்டரியிலிருந்து மின்னோட்டம் கம்பி வழியே விளக்குக்குச் செல்லும். திரும்பி வருவது காரின் இரும்பு உடல் வழியே. இவ்வுடலைத்தான் 'எர்த்து' என்கிறோம். நிலத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டிக்கு நிலத்தொடர்பு ஏது? பெரும்பாலான வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பழைய ஆங்கில முறை வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. ஆகவே கையை வைக்குமுன் எந்த முனையின் கம்பி உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வது நலம். எந்த முனையாயினும், கழற்றும்போது எர்த்துப் பக்கத்தை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் செய்க. மறுமுனையைக் கழற்றுகையில் ஸ்பானர் தவறி உடலைத் தொட்டாலும், எர்த்து முன்பே விலகியிருப்பதால் சுற்று முற்றுப்பெறாது, பொறியும் பறக்காது.

இனிப் பின்விளக்குப் புதிருக்கு வருவோம். பின்விளக்கின் பல்பு ஒன்றே. உள்ளே இழைகள் இரண்டு. ஒன்று 5 வாட், இரவில் எரிவது. மற்றது 21 வாட்; பிரேக்கை மிதித்தால் எரிவது. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி வருகிறது. திரும்பும் வழி மட்டும் இரண்டுக்கும் பொது. அதுவே பல்பு மாட்டும் கிண்ணம். அதிலிருந்து காரின் உடல். இந்தக் கிண்ணம் துருப்பிடித்து உடலோடு தொடர்பு அற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கைப் போடுகிறோம். மின்னோட்டம் 5 வாட் இழையின் வழியாகக் கிண்ணத்துக்கு வருகிறது; அங்கே வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் அதே கிண்ணத்தில் 21 வாட் இழையும் உட்கார்ந்திருக்கிறதே! அதன் வழியாகப் பின்னோக்கிப் புறப்பட்டு, பிரேக் கம்பியை அடைந்து, அக்கம்பியோடு இணைந்திருக்கும் மறுபக்கத்துப் பிரேக் இழைக்குள் புகுந்து, அங்கே செம்மையாக உள்ள எர்த்தின் வழியே வீடு திரும்புகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்டில் 5 வாட் இழையின் தடை 28.8 ஓம், 21 வாட் இழையின் தடை ஏறக்குறைய 6.9 ஓம். ஆக, சுற்றில் 28.8, 6.9, 6.9 சேர்ந்து 42.6 ஓம், மின்னோட்டம் 0.28 ஆம்பியர். உரிய அளவு 0.42. எனவே பின்விளக்கு மங்கலாகவேனும் எரிகிறது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, 'எரிகிறது' என்று நிம்மதியாகப் போய்விடுகிறார். (குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு என்பதால் இக்கணக்கு தோராயமே, ஆனால் போக்கு இதுதான்.) இப்போது பிரேக்கை மிதிக்கிறார். பிரேக் கம்பியிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் 12, மறு பக்கமும் 12, அழுத்த வேறுபாடு சுழி, மின்னோட்டமும் சுழி. இருந்த மங்கல் ஒளியும் அணைகிறது! பாகராபேட்டை மலைப்பாதை வளைவில், பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருக்கையில், முன்னே போகும் வண்டி வேகத்தைக் குறைக்கும் அதே கணத்தில் அதன் ஒருபுறம் இருளில் மறைகிறது. இதைவிடக் கொடிய கோளாறு வேறு வேண்டுமா? பல்பை மாற்றினாலும் இது தீராது. கம்பியை இழுத்துப் பார்த்தாலும் தெரியாது. கிண்ணத்துக்கும் நல்ல இரும்பு தெரியும் ஓரிடத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைப் பிடித்துப் பாருங்கள். உடனே விளக்கு பளிச்சிட்டால் நோய் எர்த்திலேதான். துருவைச் சுரண்டி, புதிய ஸ்க்ரூ போட்டு, மேலே சிறிது கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது.

முடிந்ததா? இல்லை. கிண்ணம் ஏன் துருப்பிடித்தது? டிக்கிக்குள் மழைநீர் வந்ததால். நீர் எவ்வழி வந்தது என்று காணாதவரை, அடுத்த ஐப்பசி கார்த்திகையில் அதே கோளாறு திரும்பி வரும். நம் பகுதிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அம்மழையில் நின்ற பழைய வண்டிகளுக்கெல்லாம் மறு ஆண்டு மின்கோளாறு வந்தது என்றால் வியப்பதற்கில்லை. வெள்ளத்திலேயே மூழ்கிய வண்டியாயின் சாவியைத் திருப்பவே கூடாது. பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல அமுங்காது. செல்ப் போட்டால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும்.

நீர்க் கசிவைக் கண்டுபிடிப்பது மின்கோளாற்றைக் கண்டுபிடிப்பதினும் கடினம். மின்சாரம் கம்பிவழி போகும். நீரோ நினைத்த வழி போகும். முன் கண்ணாடியின் மேல்மூலையில் புகுந்த துளி, கூரைத் துணிக்குப் பின்னாலும் தூணின் உட்புறத்திலும் இறங்கி, ஓட்டுநரின் காலடியில் வந்து தேங்கும். தேங்கிய இடத்தைப் பார்த்துத் தரையில் எம்-சீல் வைத்து அடைப்பவர் பலர். உள்ளே வந்த நீர் வெளியே போகும் வழியை அடைத்ததுதான் மிச்சம்.

முறையாகச் செய்வதானால், முதலில் மிதியடிகளையும் அவற்றின் அடியிலுள்ள சணல் மெத்தையையும் எடுத்து வெயிலில் காயவையுங்கள்; அம்மெத்தை வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும், இருந்தால் சோதனையே பொய்த்துவிடும். தரையை உலரத் துடைத்து, சந்தேகமுள்ள ஓரங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன் உட்கார, மற்றொருவர் வெளியிலிருந்து ரப்பர்க் குழாயால் நீர் விடவேண்டும். எங்கிருந்து தொடங்குவது? கீழிருந்து. இதில்தான் பலர் தவறுகின்றனர். கூரையில் நீரை ஊற்றினால் அது வழியிலுள்ள எல்லா இடுக்குகளையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த இடுக்கு குற்றவாளி என்று சொல்ல முடியாது. முதலில் கதவின் அடிப்பகுதி, சில நிமிடம்; பிறகு கதவின் நடு; பிறகு கண்ணாடியின் கீழ் ரப்பர்; கடைசியில் மேல் ரப்பர். உள்ளே பவுடரில் கோடு விழுந்த கணத்தில் குழாய் எங்கே இருந்ததோ, அங்கேயோ அதற்குச் சிறிது கீழேயோதான் ஓட்டை.

குற்றவாளிகள் பெரும்பாலும் பழகிய முகங்களே. முன் பின் கண்ணாடிகளைச் சுற்றிய ரப்பர் பீடிங் வெயிலில் வெடித்திருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைச் சும்மா விடுமா? டிக்கி மூடியின் ரப்பர் அமுங்கிப் பட்டையாகியிருக்கும். ஒரு தாளை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பின்விளக்கின் அடியிலுள்ள ரப்பர்த் தகடு காய்ந்து உதிர்ந்திருக்கும். என் மாமாவின் வண்டியில் குற்றம் இதுவே. விளக்கின் எர்த்தைக் கெடுத்த நீர், விளக்கின் அடி வழியாகவே வந்திருந்தது. கதவுகளைப் பற்றி ஒரு சொல். கதவுக்குள் நீர் இறங்குவது கோளாறு அன்று. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் நீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அத்துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் கதவு தொட்டியாகிவிடும். வளைவில் திரும்பும்போது உள்ளே சளசளவென்று ஓசை கேட்கும். பெயிண்ட் அடிப்போர் பட்டி வைத்து இத்துளைகளையும் மூடி அழகுபடுத்திவிடுவது உண்டு. அழகு ஓராண்டு, பின்பு கதவின் அடி உதிர்ந்துவிடும்.

கம்பிக் கற்றை என்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் இடமும் முக்கியமானது. அங்கே தகட்டின் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது போய்விட்டால் இரு கேடுகள். ஒன்று, நீர் கம்பியைப் பற்றிக்கொண்டே நேராக டாஷ்போர்டின் பின்புறம் இறங்கும். நுழையுமுன் கம்பி சிறிது கீழே தொங்கி மேலேறுமாறு வளைத்துவிட்டால் துளி அவ்வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். செலவில்லாத வைத்தியம் இது. மற்றொன்று, கூரிய தகட்டு விளிம்பில் கம்பியின் உறை தேய்ந்து செம்பு வெளிப்படும். அது உடலைத் தொட்டால் ஷார்ட்டு.

ஷார்ட்டு என்றதும் பியூஸ் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. அக்காலத்து லூகாஸ் முறைக் கம்பியமைப்பில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள். ஒன்று ஹார்ன் முதலியவற்றுக்கு. மற்றொன்று சாவி போட்டபின் இயங்கும் பிரேக் விளக்கு, வைப்பர், பெட்ரோல் முள் ஆகியவற்றுக்கு. முகப்பு விளக்குக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே இல்லை! கம்பிகளின் நிறமே இதைச் சொல்லும். பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி வழி வருவது, இவ்விரண்டுக்கும் காவலில்லை. பச்சை பியூஸுக்குப் பின் உள்ளது. நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு பக்க விளக்கும் பின்விளக்கும், கறுப்பு எர்த்து. பல கைகள் பட்ட வண்டியில் நிறங்கள் மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பழுப்புக் கம்பி உடலைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை, பாட்டரி தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியர்களையும் கொட்டும், கம்பி பழுக்கும், உறை எரியும். அருகிலேயே பெட்ரோல் குழாயும் போகிறது. ஆகவே பழைய வண்டியை வைத்திருப்போர், முகப்பு விளக்குச் சுற்றுக்குத் தக்க அளவில் ஒரு பியூஸைப் புதிதாக இணைப்பதும், பாட்டரியைத் துண்டிக்கும் ஒரு விசையை எர்த்துப் பக்கம் வைப்பதும் அறிவுடைமை. பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எங்கள் ஷெட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "தம்பி, பியூஸ் போச்சுன்னா அது வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதைத் திட்டாதீங்க. ஏன் போச்சுன்னு தேடுங்க."

இனி, செல்ப் சுற்றாத கோளாறு. இதில் பணம் வீணாவது போல வேறெதிலும் ஆவதில்லை. மாமாவின் வண்டி ஒருமுறை காலையில் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது. வேறோர் இடத்தில் காட்டினார். பாட்டரி போய்விட்டது என்றார்கள். புதுப் பாட்டரி போட்டார். நான்கு நாளில் மறுபடியும் அதே 'டக்'. செல்ப் மோட்டாரைக் கழற்றிப் புஷ்ஷும் கார்பனும் மாற்றினார்கள். இரண்டு மாத வாடகை வருமானம் அதிலே போயிற்று. கடைசியில் கோளாறு ஒரு முழ நீளப் பின்னல் பட்டையில் இருந்தது. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் காரின் உடலுக்கும் இயல்பாக மின்தொடர்பு இல்லை. தொடர்பு தருவது இந்தச் செம்புப் பின்னல் பட்டைதான். எண்ணெயும் நீரும் பட்டு அதன் முனை பச்சையாகக் களிம்பேறியிருந்தது.

களிம்பு எவ்வளவு தடை செய்துவிடும்? நூற்றில் ஒரு ஓம் என்றே வைப்போம். நம் ஆய்வுக்கூடத்து மீட்டரில் அதைக் காட்டவே இயலாது. ஆனால் செல்ப் இழுப்பது 150 ஆம்பியர் அளவில். 150-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட் அங்கேயே வீழ்கிறது. வெப்பமோ 225 வாட், அதாவது ஐந்து முகப்பு விளக்குகளின் அளவு! ஆகவே இக்கோளாறில் ஓம் மீட்டரை நம்பக்கூடாது. வோல்ட் மீட்டரே வேண்டும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த்து முளையிலும், மறு முனையைப் பெயிண்ட் இல்லாத என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ப் போடச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த்துப் பாதையில் களிம்பு உண்டு. முளையில் வைத்த முனையைக் கம்பியின் கிளாம்புக்கு நகர்த்துங்கள். எண் சட்டென்று குறைந்தால் குற்றம் முளைக்கும் கிளாம்புக்கும் நடுவில். இப்படி ஒவ்வோர் இணைப்பாகத் தாண்டிச் செல்லலாம். பட்டை முழுவதும் அறுந்துவிட்டாலோ வேடிக்கை. மின்னோட்டம் சோக் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ப் போடும்போது சோக் குமிழ் கை சுடுமாயின் பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

பாட்டரியும் ஒருசில வேளை குற்றவாளியாகலாம், இல்லையென்று சொல்லவில்லை. நம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்யப்படுவதும், 1859-இல் பிரான்சு நாட்டு பிளாண்டே கண்ட அதே ஈய அமில முறையின் வழிவந்ததுதான். ஆறு அறைகள், அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. என்ஜின் வேகமாக ஓடுகையில் 14 வோல்டை ஒட்டி ஏறவில்லையெனில் டைனமோவையும் அதன் பெல்டையும் பாருங்கள். டாஷ்போர்டிலுள்ள சிவப்பு விளக்கும் இதையே சொல்கிறது. அதன் ஒரு முனை பாட்டரிப் பக்கமும் மறு முனை டைனமோப் பக்கமும் உள்ளன. இரண்டும் சமமானால் அணையும். முன்பு கண்ட பின்விளக்கு அணைந்ததும் இதே காரணத்தால் என்பதை நோக்குக. அங்கே தீமை, இங்கே நன்மை.

இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் பாட்டரி இறங்கியிருக்கிறதா? டிக்கி விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தாலே 5 வாட், 0.42 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியை ஆறு நாளில் அது வற்றச் செய்யும்; செல்ப் சுற்றாமற் போக அதில் பாதியே போதும். எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, எர்த்துக் கம்பியைக் கழற்றி, முளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு டெஸ்ட் லாம்பைப் பிடியுங்கள். எரிந்தால் எங்கோ கசிகிறது. பியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது விளக்கு அணைகிறதோ அந்தச் சுற்றில் தேடுங்கள். எதை எடுத்தும் அணையவில்லையாயின், பியூஸ் இல்லாத பழுப்புக் கம்பியின் பக்கம் போகவேண்டும்.

மழையில் பெட்ரோல் வண்டி இருமி நின்றால், இரவில் என்ஜினை ஓடவிட்டு விளக்கின்றிப் பானெட்டைத் திறந்து பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் கம்பிகளிலும் நீலப் பொறிகள் ஊர்ந்தால் பல்லாயிரம் வோல்ட் ஈரத்தின் மேல் நடக்கிறது என்று பொருள். கையை விடாதீர்கள். நிறுத்தித் துடைத்து உலர்த்துங்கள். மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால் மூடியையே மாற்றவேண்டும்.

காலடியில் நீர் தெரிந்தால் எல்லாமே மழைநீர் என்று எண்ணவும் கூடாது; ஹீட்டர் உள்ள வண்டிகளில் ரேடியேட்டர் நீரும் உள்ளே கசியலாம். வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தால் மழைநீர் அழுக்கு நிறமாகவும், கூலண்ட் கலந்த நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ வழுவழுப்புடனும் இருக்கும். என்ஜின் அறையில் ஹோஸ் முனைகளிலும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலும் காய்ந்த வெள்ளைக் கறை இருந்தால் அவ்வழியே கசிந்து ஆவியாகியிருக்கிறது. அப்பம்புத் துளையிலிருந்து சொட்டினால் துளையை அடைப்பது பயனற்றது. உள்ளே சீல் போயிருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ஒரு வேலை செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்த்தும். மலை ஏறி முடித்த உடனே அம்மூடியைத் திறந்தால், 100 டிகிரிக்கு மேல் கொதியாமல் அடங்கியிருந்த நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். அரைமணி நேரம் காத்திருந்து, கனத்த துணி போட்டு, முதல் வரை மட்டும் திருப்பி, ஆவி அடங்கியபின் முழுவதும் திறக்கவேண்டும்.